அக்கா பிடி

பள்ளிக்கூடத்தில் விளையாட்டுச் சாமான் அறைக்குப் பக்கத்தில் நீளமாக ஓர் அறை உண்டு. முன்பு உடைந்த பெஞ்சுகளை அடுக்கி வைத்திருந்த இடம். ரோபோ அணி ஆரம்பித்தபோது பெஞ்சுகளை வெளியேற்றிவிட்டு அதை அணிக்குக் கொடுத்தார்கள். வாசல் பக்கம் ரோபோ ஓடிப் பழகும் தளம், நடுவில் திருகவும் கழற்றவும் ஒரு பெரிய மேசை, கடைசி மூலையில் ஒரு சின்ன மேசை. அந்தச் சின்ன மேசைதான் சின்னவளுடையது. யாரும் அவளை அங்கே ஒதுக்கி உட்கார வைக்கவில்லை. லேப்டாப்புக்கு வேண்டிய ப்ளக் பாயின்ட் அந்தச் சுவரில் இருந்தது, அவ்வளவுதான். ஆனால் இரண்டு வருஷம் ஒரே இடத்தில் உட்கார்ந்தால் இடமும் ஆளும் ஒட்டிப்போய்விடுகின்றன. "எங்க அவ?" என்று யாராவது கேட்டால் "மூலையில" என்று பதில் வரும். அவள் அங்கே இருக்கிறாளா என்று யாரும் திரும்பிப் பார்த்துச் சொல்வதில்லை.

வீட்டில் இரண்டு பெண்கள். பெரியவள் மருத்துவமனையின் சலவைப் பிரிவில் வேலை பார்க்கிறாள். சின்னவள் பதினொன்றாம் வகுப்பு. அம்மா போய்ச் சேர்ந்து பல வருஷமாகிறது. அப்பா சரக்கு லாரி ஓட்டுகிறவர். அவர் வீட்டில் இருக்கும் நாட்களைவிட அவருடைய துவைத்த சட்டை கொடியில் தொங்கும் நாட்கள்தான் அதிகம். தெருக்கோடி மாடியில் இரண்டு அறைகள், ஒரு குழாய், இரண்டு பேருக்குமாக ஒரே பீரோ. பீரோவின் மேல்தட்டு பெரியவளுக்கு, கீழ்த்தட்டு சின்னவளுக்கு. நடுத்தட்டில் அப்பாவுடைய துணி, எப்போதும் மடிப்புக் கலையாமல்.

சின்னவள் பேசுவது குறைவு. பேசினால் முத்து உதிர்ந்துவிடுமா என்று வகுப்பில் கேட்பார்கள். வீட்டில் அப்படியில்லை, பெரியவளோடு பேச ஆரம்பித்தால் சோறு ஆறிப்போகும். ஆனால் பெரியவள் காலையில் போனால் சாயங்காலம்தான் வருவாள். வந்தவுடன் கையெல்லாம் சோப்புக் காரம் என்று எண்ணெய் தடவிக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். நாள் முழுக்கச் சேர்த்து வைத்த பேச்சை அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் கொட்டித் தீர்க்க வேண்டும்.

முதல்முறை புரோகிராம் எழுதுவதைப் பற்றிச் சொன்னபோது, "கோடு எழுதுறேன்கா" என்றாள்.

"கோடு போடுறதுக்கா இவ்வளவு நேரம் ஆச்சு?" என்றாள் பெரியவள். "ஒரு ஸ்கேலை எடுத்துக்கிட்டுப் போயிருக்கலாமே."

சின்னவள் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பிறகு விளக்கிச் சொன்னாள். பெரியவள் எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள். ஆனாலும் ஒன்றைக் கேட்டால் முழுதாகக் கேட்டுக்கொள்வாள். ரோபோவுக்குத் தானாக எதுவும் தெரியாது. எவ்வளவு தூரம் போக வேண்டும், எங்கே திரும்ப வேண்டும், பந்தை எப்போது கவ்வ வேண்டும் என்று ஒவ்வொன்றையும் எழுத்தில் சொல்லிவைக்க வேண்டும். அந்த எழுத்துதான் புரோகிராம். அது பெரியவளுக்குப் புரிந்தது. "அப்போ அதுக்கு அம்மா நீதான்" என்றாள்.

அணியில் நான்கு பேர். கேப்டன் பன்னிரண்டாம் வகுப்புப் பெண், ரோபோவை ஓட்டுகிறவள். ஸ்க்ரூ என்று ஒருவன். எந்நேரமும் வாயில் ஒரு ஸ்க்ரூவைக் கவ்விக்கொண்டே வேலை செய்வான், அதனால் அந்தப் பெயர். ஹாரன் என்று இன்னொருவன். அணியைப் பற்றி மேடையேறிப் பேசுவது அவன் வேலை, மேடை இல்லாத நேரத்திலும் பேசுவான். ரோபோவுக்கு எருமை என்று பெயர் வைத்தவனும் அவன்தான். கறுப்பாக, கனமாக, தன் இஷ்டத்துக்குப் போகும்.

எருமை இடதுபக்கம் இழுத்தது. நேராகப் போ என்றால் கொஞ்ச தூரம் போவதற்குள் இடதுபக்கம் ஒதுங்கிவிடும். வலது சக்கரத்தின் மோட்டார் புகைந்துபோய்ப் புதிது மாட்டியிருந்தார்கள். இடது மோட்டார் பழசு. புதுசு வேகமாக ஓட, பழசு பின்தங்கியது. ஸ்க்ரூ எல்லாவற்றையும் கழற்றி மாட்டிப் பார்த்துவிட்டு, "நான் செய்ய வேண்டியதைச் செஞ்சுட்டேன், இனிமே அது புத்தியைத்தான் சரி பண்ணணும்" என்று மூலையைப் பார்த்தான்.

சின்னவளுக்கு வழி உடனே தெரிந்தது. அதை அவள் எந்தப் பாடத்திலும் படிக்கவில்லை. சின்ன வயதில் பள்ளி விட்டதும் வீட்டில் ஆள் இல்லாததால் நேராக அக்காவின் சலவைப் பிரிவுக்குப் போய்விடுவாள். நனைந்த படுக்கை விரிப்புகளை ஏற்றிக்கொண்டு போகும் தள்ளுவண்டி ஒன்று அங்கே இருந்தது. அதன் ஒரு சக்கரம் சரியாகச் சுழலாது. வண்டி இடதுபக்கச் சுவரைப் பார்த்தே போகும். அக்கா வலது கையைக் கொஞ்சமே கொஞ்சம் பின்னுக்கு இழுத்துப் பிடித்துக்கொண்டே தள்ளுவாள். வண்டி நேராகப் போகும். மூட்டைமேல் உட்கார்ந்திருக்கும் சின்னவள், சுவர் கிட்டே வரும்போதெல்லாம் "அக்கா, பிடி" என்று கத்துவாள். நாளாக ஆக அது வீட்டுச் சொல்லாகிவிட்டது. சாத்தினால் தானாகத் திறந்துகொள்ளும் பீரோக் கதவுக்கு அக்கா பிடி. ஒருபக்கம் சாய்கிற ஸ்டூலுக்கு அக்கா பிடி. எதுவானாலும் அதன் கோணலுக்கு ஏற்ற மாதிரி ஒரு கை கொடுப்பதற்கு அந்த வீட்டில் அதுதான் பெயர்.

எருமையின் வலது சக்கரத்தின் வேகத்தில் கொஞ்சம் பிடித்துக்கொள்ளும்படி எழுதினாள். எவ்வளவு பிடிக்க வேண்டும் என்று ஓட்டி ஓட்டிப் பார்த்து ஏழு என்று முடிவு செய்தாள். அந்த எண்ணுக்கு ஒரு பெயர் வைக்க வேண்டும். ஆங்கில எழுத்தில் அக்காபிடி என்று அடித்தாள். அக்காபிடி சமம் ஏழு. எருமை கோடு கிழித்த மாதிரி நேராகப் போனது. ஹாரன் கைதட்டினான். கேப்டன், "ஓடுதா? ஓடுது. அப்புறம் என்ன, அடுத்த வேலையைப் பாரு" என்றாள்.

அந்தப் புரோகிராமைச் சின்னவள் அழகாக எழுதியிருந்தாள். ஒரே விஷயத்தை இரண்டு இடத்தில் சொல்லாமல், தேவையில்லாதது ஒன்றுகூட இல்லாமல், மடித்த துணி மாதிரி ஓரத்தோடு ஓரம் பொருந்தியிருந்தது. அதை யாராவது ஒருதடவை படிக்க வேண்டும் என்று அவளுக்கு இருந்தது. பாராட்டக்கூட வேண்டாம். 'இந்த இடத்தில் ஏன் இப்படிச் செய்தாய்' என்று ஒரு கேள்வி போதும். ஒருநாள் துணிந்து லேப்டாப்பைக் கேப்டனிடம் கொண்டுபோய்க் காட்டினாள். கேப்டன் விரலால் மேலிருந்து கீழ்வரை ஒரே இழுப்பாக இழுத்துப் பார்த்துவிட்டு, "ரொம்ப நல்லாருக்குடி. எனக்கு ஒண்ணும் புரியல" என்றாள். அவள் நல்ல மனதோடுதான் சொன்னாள். சின்னவள் லேப்டாப்பை மூடிக்கொண்டு மூலைக்குத் திரும்பினாள்.

முதல் சுற்றில் அவர்கள் அணி தேறியது. அன்றைக்குச் சில அணிகளின் ரோபோக்கள் தொடங்கிய இடத்திலிருந்து நகரவே இல்லை. இரும்பு வேலை எல்லாம் பளபளவென்று இருந்தது. புரோகிராம் எழுத ஆள் இல்லை. சின்னவள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அடுத்த வாரம், எல்லோரும் பெரிய மேசையைச் சுற்றி இருந்தபோது வாய் திறந்தாள்.

"நம்ம புரோகிராமை மத்த டீம்களுக்கும் குடுக்கலாமா? போட்டியோட இணையப் பக்கத்துல போட்டுட்டா வேணும்கிறவங்க எடுத்துக்குவாங்க."

ஸ்க்ரூவின் வாயிலிருந்த ஸ்க்ரூ கீழே விழுந்தது. "நம்மளே கத்தியைத் தீட்டி, இந்தா குத்துன்னு நீட்டணுமா?"

"அவங்க ரோபோ நகரவே இல்ல. பாவமா இருந்துச்சு."

"பாவம் பாத்தா எருமைக்கு யாரு பாவம் பாக்குறது?" என்றான் ஹாரன். "நாம ஜெயிச்சதுக்கு அப்புறம் குடு. மேடையில நானே அறிவிக்கிறேன்."

"அப்போ அவங்களுக்கு அது எதுக்கு?" என்றாள் சின்னவள்.

எல்லோரும் லேப் சாரைப் பார்த்தார்கள். அவர்தான் அணிக்குப் பொறுப்பு. பட்டும் படாமலும் பேசுகிறவர். "எழுதினது அவ. கொடுக்கிறதும் கொடுக்காததும் அவ இஷ்டம்தான். ஆனா டீம் பேர்ல போகுது, யோசிச்சுக்கோங்க" என்றார்.

கேப்டன் கையிலிருந்த ரிமோட்டை மேசையில் வைத்தாள். "சரி, போடு. ஆனா அதனால ஏதாவது வம்பு வந்துச்சுன்னா நீதான் பாத்துக்கணும். வந்த அன்னைக்கே எடுத்துடணும். சரியா?"

"சரி" என்றாள் சின்னவள். அவள் மனதில் இருந்த வேறொன்றை மேசையில் யாரும் கேட்கவில்லை. அத்தனை அணிகளில் எழுதத் தெரிந்த ஒரு ஆளாவது இருக்க மாட்டாரா. அந்த ஆள் படிக்க மாட்டாரா.

போட்டாள். எத்தனை பேர் எடுத்திருக்கிறார்கள் என்று பக்கத்தின் ஓரத்தில் ஓர் எண் வரும். அது ஏறிக்கொண்டே போனது. கீழே படித்தவர்கள் கருத்து எழுதுவதற்கு இருந்த கட்டம் காலியாகவே இருந்தது. அவள் காலையில் ஒருமுறை பார்ப்பாள், பள்ளி விட்டதும் பார்ப்பாள்.

"யாராவது எதாவது கேட்டாங்களா?" என்பாள் பெரியவள், கையில் எண்ணெயைத் தேய்த்துக்கொண்டே.

"இல்லக்கா."

"எல்லாம் புரிஞ்சுபோச்சோ என்னவோ."

"புரிஞ்சா புரிஞ்சுதுன்னு ஒரு வார்த்தை எழுதலாமே."

"வெளுத்துக் குடுத்த துணியைப் பத்தி யாருடி வந்து சொல்றாங்க? கறை இருந்தா மட்டும் தேடிக்கிட்டு வருவாங்க."

இரண்டாம் சுற்று ஒரு பெரிய உள்ளரங்கத்தில் நடந்தது. சுவர் ஓரமாக அணிக்கு ஒரு மேசை. நடுவில் வேலி போட்ட போட்டித் தளங்கள், ஓரத்தில் பழகிப் பார்க்க இரண்டு தளங்கள். ஆட்டத்தின் முதல் பகுதியில் ரோபோ யாரும் தொடாமல் தானாகவே போக வேண்டும். அடுத்த பகுதியில் ஓட்டுகிறவர் கையில் எடுத்துக்கொள்ளலாம். இரண்டிலும் பந்துகளைக் கவ்விப் பெட்டியில் போட வேண்டும்.

காலையில் சின்னவள் மேசையை விட்டு எழுந்து, பழகும் தளத்துப் பக்கம் போய் நின்றாள். ஒரு ரோபோ கிளம்பியது. இரண்டு அடி வைத்ததும் வலதுபக்கம் ஒதுங்கியது. அடுத்து வந்ததும் வலதுபக்கம் ஒதுங்கியது. மூன்றாவதாக வந்த ரோபோ வட்டமே அடித்தது. அந்த ரோபோக்கள் கிளம்பும் விதம், நின்று திரும்பும் விதம், எல்லாம் அவளுக்குத் தெரிந்த விதம். தன் கையெழுத்தை வேறு யார் வீட்டுச் சுவரிலோ பார்ப்பதுபோல் இருந்தது.

போட்டி தொடங்கிய கொஞ்ச நேரத்தில் பச்சைச் சட்டை அணியின் ரோபோ நேராகப் போக வேண்டிய இடத்தில் வலதுபக்கம் பாய்ந்து வேலியில் மோதியது. கவ்வும் கை இரண்டாக ஒடிந்தது. அந்த அணியோடு வந்திருந்த டீச்சர் நேராகத் தலைமை நடுவரிடம் போனார். கொஞ்ச நேரத்தில் டீச்சரும் நடுவரும் சின்னவளின் அணி மேசைக்கு வந்தார்கள்.

"நல்லது செய்யிற மாதிரி செஞ்சு நடுவுல குழி வெட்டி வச்சிருக்கீங்க" என்றார் டீச்சர். "எங்க பசங்க உங்களை நம்பி எடுத்தாங்க."

"என்ன குழி?" என்றாள் கேப்டன். அவளுக்கு ஒன்றும் தெரியாது, சின்னவளைப் பார்த்தாள்.

கூடவே வந்த பச்சைச் சட்டைக்காரப் பெண் ஒருத்தி, தடித்த கண்ணாடி போட்டவள், லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினாள். அக்காபிடி சமம் நாற்பது என்று இருந்தது.

"நாற்பதா?" என்றாள் சின்னவள். "நான் ஏழுதானே வச்சேன்."

"எங்க ரோபோ பந்தைக் கவ்வினா நழுவுது" என்றாள் கண்ணாடிக்காரி. "பிடின்னு ஒண்ணு இருந்துச்சு. அக்கா கையைப் பிடிச்சா விடமாட்டாங்கல்ல, ரோடு தாண்டும்போது. அந்த மாதிரி இறுக்கமான பிடின்னு நினைச்சோம். நழுவ நழுவ ஏத்திக்கிட்டே போனோம்."

பக்கத்து மேசையிலிருந்து ஒரு பையன் தலையை நீட்டினான். "நாங்களும்தான். நாங்க இருபத்தஞ்சு வச்சிருக்கோம்." அவனுக்குப் பின்னால் இன்னொரு குரல், "எங்க டீம்ல அதைத் தொடவே கூடாதுன்னு விட்டுட்டோம். யாரோட அக்காவைப் பிடிக்கணும்னு தெரியலை." அதற்குச் சிரிப்பு எழுந்தது. டீச்சர் சிரிக்கவில்லை.

தலைமை நடுவர் நரைமுடியைக் குட்டையாக வெட்டிய பெண்மணி. நிதானமாகக் கேட்டார். "வேணும்னே வச்சதா இருந்தா உங்க டீமை வெளியே அனுப்ப வேண்டியிருக்கும். அது என்னன்னு எல்லா டீமுக்கும் புரியிற மாதிரி மைக்ல சொல்லிடும்மா. சொன்னதும் சரி பண்ணிக்க எல்லாருக்கும் கொஞ்சம் நேரம் தரேன்."

ஹாரன் உடனே முன்னால் வந்தான். "மேடம், நான் பேசுறேன்."

"உனக்கு அது என்னன்னு தெரியுமாப்பா?"

அவன் ஒதுங்கிச் சின்னவளை முன்னால் விட்டான். மேடையை அவன் இன்னொருவருக்கு விட்டதை அணி அன்றைக்குத்தான் பார்த்தது.

மைக் சின்னவளின் கைக்கு வந்தது. அரங்கத்தில் அத்தனை முகங்களும் அவள் பக்கம் திரும்பின. இழுவை என்று சொல்லியிருக்கலாம், வேக வித்தியாசம் என்று ஏதாவது பாடப் புத்தகத்து வார்த்தை சொல்லித் தப்பித்திருக்கலாம். அந்த வார்த்தைகள் அவளுக்கு வரவில்லை. "எங்க அக்கா ஆஸ்பத்திரியில துணி வண்டி தள்ளுவாங்க" என்று ஆரம்பித்தாள். வண்டி இடதுபக்கம் போகும் என்றாள். அக்கா வலது கையை எப்படிப் பிடிப்பாள் என்று, மைக்கைப் பிடித்திருந்த கையாலேயே காட்டினாள். மைக் வாயை விட்டு விலகிப்போனதால் பாதிப் பேருக்குக் காதில் விழவில்லை. "அதனால அது எங்க ரோபோவோட கோணலுக்கு மட்டும்தான். உங்க கோணல் வேற. கவ்வுற கைக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. மன்னிச்சிடுங்க" என்று முடித்தாள். அங்கங்கே சிரித்தார்கள், கேலியாக இல்லை, ஆனாலும் சிரித்தார்கள். வீட்டு பீரோவைத் தெருவில் வைத்துத் திறந்து காட்டிவிட்ட மாதிரி அவளுக்குக் காது சுட்டது.

நடுவர் தலையசைத்தார். வேண்டுமென்றே செய்ததில்லை என்று முடிவாயிற்று.

அதோடு அவள் தன் மேசைக்குத் திரும்பியிருக்கலாம். கேப்டன் அதைத்தான் சொன்னாள். "வாடி, நம்ம ஆட்டம் வருது. தொடங்குற இடத்தை இந்தத் தடவை மாத்தியிருக்காங்க, அதுக்கு ஏத்த மாதிரி எழுதணும்."

"இதோ வரேன்" என்று சொல்லிவிட்டுச் சின்னவள் பச்சைச் சட்டை மேசைக்குப் போனாள். நேராக ஓடவிட்டு எவ்வளவு ஒதுங்குகிறது என்று பார்த்து எண்ணை மாற்றிக் கொடுத்தாள். அதற்குள் அடுத்த மேசையிலிருந்து கூப்பிட்டார்கள். அதற்கடுத்த மேசையிலிருந்தும். ஓர் அணியின் ரோபோ எந்தப் பக்கமும் இழுக்கவில்லை.

"உங்களுக்குப் பூஜ்யம்" என்றாள்.

"அப்போ எங்களுக்கு அக்காவே கிடையாதா?" என்று அந்தப் பையன் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டான்.

அவள் சிரித்துவிட்டாள். அரங்கத்தில் அன்றைக்கு அவள் சிரித்தது அந்த ஒரு தடவைதான். மேசை மேசையாகப் போய் வந்த அந்த நேரத்தில் அவள் பெயரை யாரும் கேட்கவில்லை. "அக்காபிடி, இங்க வாங்க" என்று கூப்பிட்டார்கள், அவளும் போனாள்.

தன் அணியின் தளத்துக்கு அவள் ஓடி வந்தபோது எருமையை வைத்தாகிவிட்டது. புதிய தொடக்க இடத்துக்கு எழுத நேரமில்லை. மணி அடித்தது. எருமை பழைய வழக்கப்படி தானாகக் கிளம்பி, நேராக, கோணலே இல்லாமல், பந்தே இல்லாத மூலைக்குப் போய்ச் சேர்ந்து காற்றைக் கவ்விக்கொண்டு நின்றது. பிறகு கேப்டன் கையில் எடுத்து ஓட்டி எவ்வளவோ ஈடுகட்டினாள். போதவில்லை. தேறிய அணிகளின் வரிசை முடிந்த இடத்துக்கு அடுத்த இடம் அவர்களுக்கு. பச்சைச் சட்டை அணி ஒட்டுப்போட்ட கையோடு அடுத்த சுற்றுக்குள் போனது.

திரும்பி வரும் வேனில் யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. முன் இருக்கைகளில் மூன்று பேரும் உட்கார்ந்துகொண்டார்கள். சின்னவள் பின்னால், எருமையின் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். வேன் வளைவில் திரும்பும்போதெல்லாம் பெட்டி நகர்ந்து அவள் முழங்காலில் இடித்தது. அவள் அதை ஒரு கையால் பிடித்துக்கொண்டே வந்தாள்.

பள்ளி திறந்த அன்று கேப்டன் மூலைக்கு வந்தாள். அவள் அந்த மேசை வரைக்கும் வருவது அபூர்வம்.

"எடுத்துட்டியா?"

"இன்னும் இல்ல."

"வம்பு வந்தா எடுத்துடுவேன்னு சொன்னே."

"சொன்னேன்."

"எனக்கு இதுதான் கடைசி வருஷம்" என்றாள் கேப்டன். அவள் குரல் கோபத்தைத் தாண்டி எங்கோ போயிருந்தது. "அடுத்த வருஷம் உனக்கு இருக்கு. எனக்கு இல்ல. ஊர் ரோபோவெல்லாம் சரி பண்ணினே. நம்மளுதை விட்டுட்டே."

கேப்டன் சொன்னது அத்தனையும் உண்மை. "எடுக்க மட்டும் சொல்லாதே" என்றாள் சின்னவள். "எடுத்துட்டா அந்தப் பிடியோட அர்த்தம் தெரியாம எடுத்து வச்சவங்க அப்படியேதான் வச்சிருப்பாங்க. நான் அர்த்தம் எழுதிப் போட்டுடறேன்."

கேப்டன் திரும்பிக்கொண்டாள். "உன் இஷ்டம்" என்று போய்விட்டாள். அதற்குப் பிறகு அந்த வருஷம் முடியும்வரை வேலை விஷயம் தவிர அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை. வராந்தாவில் எதிரே வந்தால் ஒதுங்கி வழி விடுவாள். அந்த மரியாதைதான் சின்னவளுக்குத் தாங்கவில்லை.

அர்த்தம் எழுத உட்கார்ந்தபோதுதான் தான் செய்து வைத்திருப்பது என்ன என்று அவளுக்கே தெரிந்தது. அக்காபிடி ஒன்று மட்டும் இல்லை. புரோகிராம் முழுக்க வீட்டுச் சொற்கள். குழாய்ச்சொட்டு, ஈரமூட்டை, ஸ்டூல்நடை. எதை எழுதும்போதும் அவள் மனதுக்குள் பேசிக்கொண்டிருந்தது ஒரே ஒரு ஆளோடு. அந்த ஆளுக்கோ ஆங்கில எழுத்தைக் கூட்டிப் படிக்கவே நேரமாகும். ஊரெல்லாம் படிக்க வேண்டும் என்று போட்டதை, இரண்டு பேர் இருக்கிற வீட்டில் ஒருத்திக்கு மட்டும் புரிகிற மாதிரி எழுதியிருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை பகலில் பெரியவளையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் விளக்கம் எழுதினாள். எழுதியதைப் படித்துக் காட்டுவாள்.

"வண்டி தள்ளும்போது வலது கையைப் பின்னால் இழுத்துப் பிடிப்பது."

"இழுத்துன்னு போடாதே" என்றாள் பெரியவள். "இழுத்தா வண்டி நின்னுடும். விட்டுக் குடுக்காம வச்சிருக்கிறது, அவ்வளவுதான்."

சின்னவள் மாற்றினாள். "எல்லார் முன்னாடியும் உன் வேலையைச் சொல்லிட்டேன்கா. உனக்குக் கோபமா?"

"எதுக்குக் கோபம்? வண்டியைத் தள்ளுறதை நான் என்ன ஒளிச்சு வச்சா தள்ளுறேன்?" பிறகு, "மைக்லயா சொன்னே?" என்றாள்.

"மைக்லதான்."

"ம்" என்றாள் பெரியவள். எழுந்துபோய் அடுப்பில் எதையோ கிளறினாள். அடுப்பைப் பற்றவைக்கவே இல்லை.

விளக்கத்தோடு மறுபடி போட்டாள். பக்கத்தின் ஓரத்து எண் முன்போல ஏறியது. கட்டம் முன்போலக் காலியாக இருந்தது. பருவத் தேர்வு வந்தது, போனது. ரோபோ அறையைப் பூட்டி வைத்தார்கள். சின்னவள் பார்ப்பதையும் குறைத்துக்கொண்டாள்.

ஒரு சாயங்காலம் கட்டத்தில் இரண்டு வரி இருந்தது. பச்சைச் சட்டை அணியின் கண்ணாடிக்காரி எழுதியிருந்தாள். 'முழுசும் படிச்சேன். எல்லாத்துக்கும் அர்த்தம் போட்டிருக்கீங்க. கடைசியில அப்பாவந்தாச்சுன்னு ஒரு பகுதி இருக்கு, அதுக்கு மட்டும் போடலையே. அது என்ன?'

சின்னவள் அதைப் பலமுறை படித்தாள். முழுசும் படித்திருக்கிறாள். கடைசி வரை வந்திருக்கிறாள்.

தெரு முனையில் அப்பாவின் லாரி ஹாரன் கேட்டால் அந்த வீட்டில் எல்லாம் நின்றுவிடும். ரேடியோ நிற்கும், குழாய் நிற்கும், சண்டை போட்டுக்கொண்டிருந்தால் சண்டை நிற்கும். இரண்டு பேரும் வாசலுக்கு வந்துவிடுவார்கள். சில நாள் அது வேறு லாரியாக இருக்கும். ரோபோ வேலையை முடித்துக்கொண்டு கிளம்பிய இடத்துக்கே வந்து எல்லா மோட்டாரையும் நிறுத்தும் பகுதிக்கு, யோசிக்காமலே அந்தப் பெயரை வைத்திருந்தாள். அதை விளக்கி எழுத ஆரம்பித்தாள். எழுதியது நீண்டுகொண்டே போனது. கொடியில் தொங்கும் சட்டை வரைக்கும் வந்ததும் நிறுத்தி, எல்லாவற்றையும் அழித்தாள்.

'ரோபோ தொடங்கின இடத்துக்குத் திரும்பி வந்து நிற்கிற பகுதி' என்று மட்டும் எழுதி அனுப்பினாள்.

பதில் உடனே வந்தது. அந்தப் பக்கத்திலும் ஒருத்தி சும்மாதான் உட்கார்ந்திருக்கிறாள் போலிருக்கிறது. 'சரி. ஆனா வந்ததும் நிறுத்தாம, கொஞ்ச நேரம் காத்திருந்து மறுபடி ஒருதடவை பார்த்துட்டு நிறுத்தச் சொல்லியிருக்கீங்களே. அது எதுக்கு?'

இந்த இரண்டு வருஷத்தில் அவளிடம் யாரும் கேட்காத கேள்வி. இதற்குப் பதில் அவளுக்கு நன்றாகத் தெரியும். பெரியவள் வேலையிலிருந்து இன்னும் வரவில்லை. சின்னவள் நாற்காலியை மேசைக்கு நெருக்கிப் போட்டுக்கொண்டு நிதானமாக அடித்தாள்.

'தளத்துல தொடங்குற கோடு மாதிரியே வேற கோடுகளும் இருக்கும். அதுல ஒண்ணைப் பார்த்து வந்துட்டோம்னு ரோபோ ஏமாந்துடும். நிறைய தடவை ஏமாந்திருக்கு. அதனால ஒருதடவை பார்த்ததும் நம்பிடாம, நிஜமா வந்தாச்சான்னு உறுதியாகிற வரைக்கும் காத்திருக்கணும்.'